இரக்கம் பயிலக் கூடுமா?



தலைநகரிலுள்ள ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவில், என் தமக்கையார் 26 ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறார். நாகர்கோவிலை விட்டு இங்கு வந்தபோது அவருக்கு இந்தியில் பத்துச் சொற்கள்கூடத் தெரியா. அழுகிற குழந்தைக்கு எந்த மொழியானால் என்ன என்று துணிந்து, தமிழிலேயே கொஞ்சிப் பேசி வேலையைத் தொடங்கினார். பஞ்சாபிக் குழந்தைகளும் பீகாரிக் குழந்தைகளும் அந்தத் தமிழைக் கேட்டே உறங்கின. சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, வீட்டில் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று சொன்னார்:

"தம்பி, எனக்கு இரக்கம் வற்றிப்போயிற்று என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டால் என் கை வலிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அதன் அழுகை காதில் கேட்டுக்கொண்டேயிருக்கும். இப்போது தாய்மாரின் முகத்தை நிமிர்ந்து பாராமலே மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன். நான் இப்படி ஆவேன் என்று நினைக்கவில்லை."

"வேலைப் பளுதான் காரணம் அக்கா, சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்வாருங்கள்" என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவரும் போய்வந்தார். வரும்போது நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்தார். மற்றபடி நிலைமை மாறவில்லை.

இதனைச் செவிலியர்க்கு மட்டும் உரிய துன்பமென்று கொள்ள எனக்கு மனமில்லை. பிற மாநிலங்களில் பிழைக்க வந்திருக்கும் நமக்கு இது வேறொரு வடிவில் நன்கு தெரிந்ததே. ஊரில் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் செய்தி வருகிறது. விமானச் சீட்டின் விலை கைக்கு எட்டுவதாயில்லை. இரயிலில் போனாலோ இரண்டு இரவுகள் ஆகும். படுக்கையில் கிடந்து அவருடைய இடுப்பு வலியை நாமும் படுகிறோம். நாம் படுவதால் அவருடைய வலி எள்ளளவும் குறைவதில்லை. இவ்வாறு பல இரவுகள் கழிந்தபின், தொலைபேசி ஒலித்தாலே எடுக்கக் கை தயங்குகிறது. எடுக்காத மகனை அன்பில்லாதவன் என்று ஊர் சொல்லும். அவனோ அன்பினாலேயே ஓய்ந்துபோனவனாக இருக்கலாம்.

பிறர் துன்பத்தைக் கண்டு கலங்காமலும், அதே வேளையில் கல்லாகிவிடாமலும் இருக்க வழி உண்டா? உண்டு, அதனைப் பயிற்சியால் பெறலாம் என்று தியான நெறியினர் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது மெய்தானா என்று விஞ்ஞானிகள் கருவிகளைக் கொண்டு பார்க்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அந்த ஆராய்ச்சியின் வரலாற்றையும், அதில் எதனை நம்பலாம், எதனை நம்புவதற்கில்லை என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் தில்லியிலேயே நிகழ்ந்தது. 1935ஆம் ஆண்டில் தெரேஸ் பிராஸ் என்னும் பிரெஞ்சு இருதய மருத்துவர், எடுத்துச் செல்லத்தக்க இருதய மின்பதிவுக் கருவி ஒன்றுடன் இந்தியாவுக்கு வந்தார். இருதயத் துடிப்பையே நிறுத்திவிடும் யோகிகள் இங்கே உண்டு என்ற செய்தி அவரை இழுத்தது. ஒரு யோகியின் மின்பதிவு ஏறத்தாழச் சமகோடாகிவிட்டதாக அவர் எழுதினார். மேலைநாட்டில் அது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1957இல், அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அதே வினாவுடன் வந்தனர். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் பி. கே. ஆனந்த் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். எய்ம்ஸ் என்று நாம் இப்போது சுருக்கி வழங்கும் அந்தக் கழகம் தோன்றி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆனந்தோ, பசியைத் தூண்டும் மூளைப் பகுதியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றிருந்தவர்.

அவர்கள் கண்டது என்ன? இருதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகியர் மூச்சை அடக்கி, மார்பின் தசைகளை இறுக்கினர். அதனால் இருதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் குறைந்தது. நாடியைத் தொட்ட விரலுக்குத் துடிப்புத் தெரியவில்லை. ஸ்டெதாஸ்கோப்பிலும் ஓசை கேட்கவில்லை. ஆனால் மின்பதிவுக் கருவியின் ஊசி மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. இருதயம் நிற்கவில்லை, நின்றது போன்ற தோற்றமே உண்டாயிற்று. 1961இல் வெளியான அவர்களது கட்டுரையில் இதனை எவரையும் இகழாமல், எவரையும் உயர்த்தாமல், கண்டது கண்டவாறு எழுதியிருக்கிறார்கள்.

அதே 1961ஆம் ஆண்டில் ஆனந்தும் அவருடைய தோழர்களான சீனா, பல்தேவ் சிங் ஆகியோரும் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சி இதனினும் சிறந்தது என்பது என் கருத்து. நாம் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையில் ஆல்ஃபா என்னும் மின்னலை ஓடும். அருகில் ஓர் ஓசை எழுந்தாலோ, விளக்கைப் போட்டாலோ, அந்த அலை உடனே கலைந்துவிடும். நான்கு யோகியரைத் தியானத்தில் அமரச் செய்து, பலத்த ஒலி எழுப்பினார்கள். கண்ணெதிரே ஒளியைக் காட்டினார்கள். சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். ஆல்ஃபா அலை கலையவில்லை. தியானத்தில் இல்லாத வேளையில் அதே யோகியருக்கு அதே ஒலி கேட்டபோது கலைந்தது. வேறு இரு யோகியர் 4 பாகை வெப்பநிலையிலிருந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக இருந்தனர். நாமாயின் ஒரு நிமிடம் தாங்குவதே அரிது. அவர்களுடைய மூளை அலையோ சாந்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

இச்சோதனைகளைச் செய்தவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. உலகத்தின் ஒலியையும் ஒளியையும் வலியையும் ஒருவன் எவ்வளவு தூரம் வெளியே நிறுத்திக் கதவடைக்க முடியும் என்பதே அவர்கள் கேட்ட வினா. கதவைத் திறந்து வெளியே வந்தபின் எதிரே நிற்பவனுடைய முகவாட்டம் அவன் கண்ணில் படுகிறதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. என் தமக்கையார் சொன்ன துன்பமோ, கதவு தானாகவே அடைத்துக்கொண்டுவிட்டது என்பதன்றோ!

1966இல் ஜப்பானில் கசமத்சு, ஹிராய் என்னும் இருவர் ஜென் துறவியரிடம் இதற்கு மாறான ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் நம் மூளை சற்று நேரத்தில் பழகிப்போய் அதனைப் பொருட்படுத்தாது. ஜென் குருமாரின் மூளையோ இருபதாம் முறையும் முதல்முறை போலவே அவ்வொலியை ஏற்றதாம். யோகி உலகை மறக்கிறார், ஜென் துறவி உலகை எப்போதும் புதிதாகக் காண்கிறார் என்று இதனை வைத்துப் பலர் அழகாக எழுதினார்கள். நானும் இளமையில் அதைப் படித்து வியந்ததுண்டு. ஆனால் 1981இல் பெக்கர், ஷப்பிரோ என்னும் இருவர் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது, அந்த வேற்றுமை தென்படவில்லை. அழகான செய்தியே சரியான செய்தியென்று விஞ்ஞானத்தில் விதியில்லை.

இதற்கிடையே தியானம் மடங்களை விட்டு மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. 1979இல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில், தீராத வலியுள்ள நோயாளிகளுக்குப் பயிற்சியொன்றை வகுத்தார். மூச்சின் போக்கையும் உடலின் உணர்ச்சிகளையும், விருப்பு வெறுப்பின்றி, உள்ளது உள்ளபடி கவனித்திருத்தலே அதன் சாரம். பாலி மொழியில் 'சதி' என்றும் வடமொழியில் 'ஸ்மிருதி' என்றும் வழங்குவது இதுவே. விழிப்புநிலை என்று நாம் சொல்லலாம்.

இந்தியாவில் இதே நெறியைப் பரப்பிய சத்திய நாராயண் கோயங்காவும் நம்மைப் போலக் குடிபெயர்ந்தோர் மரபில் வந்தவரே. பர்மாவின் மாந்தலேயில், அங்கே குடியேறிய இந்திய வணிகக் குடும்பத்தில், 1924இல் பிறந்தவர். கொடிய ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்த அவர், அந்நாட்டின் கணக்குத்துறைத் தலைவராயிருந்த ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்கச் சென்றார். தலைவலி தீர்வதற்காக வருவதானால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டாராம். கோயங்கா 1969இல் இந்தியா வந்தார். மும்பையிலிருந்து நாசிக் செல்லும் இரயில் கசாரா மலைச்சரிவில் ஏறி நிற்கும் இகத்புரியில், 1976இல் அவருடைய தியான நிலையம் எழுந்தது. மும்பைத் தமிழர் பலர் அவ்வழியே போயிருப்பீர்கள். சிலர் இறங்கியும் இருப்பீர்கள்.

இந்தப் பயிற்சிகள் நன்மை செய்கின்றனவா? செய்கின்றன, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. 2014இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில், 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியாயிற்று. மனக்கவலை, சோர்வு, உடல்வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன. ஆயினும் மருந்து, தேகப்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிட இது மேலானது என்பதற்குச் சான்றில்லை என்பது அதன் முடிவு. எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறிவிடுகிறது என்று முன்னர்ப் பெரிதாகப் பேசப்பட்டது. 218 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரையில் அத்தகைய மாற்றம் எதுவும் காணப்படவில்லை. தியானம் சிலருக்குத் தீங்கும் விளைவிப்பதுண்டு. பழைய மனக்கலக்கம் மேலெழுவதும், அச்சம் மிகுவதும் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் காணப்படுவதாக 2020இல் ஒரு தொகுப்பாய்வு தெரிவித்தது. ஆகையால் கடுமையான மனச்சோர்வுள்ளவர்கள் மருத்துவரைக் கலக்காமல் பத்துநாள் மௌனத்தில் போய் அமர்வது தக்கதன்று.

இனி, என் தமக்கையாரின் வினாவுக்கு வருவோம்.

1992இல் ரிச்சர்ட் டேவிட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவர் தோழர்களும் இமயமலையின் தர்மசாலாவுக்குச் சென்றார்கள். கருணையைத் தியானப் பொருளாகக் கொண்டு பல்லாண்டு பயின்ற திபெத்தியத் துறவியரை ஆராய்வதே நோக்கம். துறவியர் பலர் கூடியிருந்த அவையில், தோழர் ஒருவரின் தலையில் மின்கம்பிகளைப் பொருத்திக் காட்டியபோது, எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டனர். தலை நிறையக் கம்பியுடன் நின்ற கோலத்தைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று விஞ்ஞானிகள் எண்ணினர். காரணம் அதுவன்று. கருணையை ஆராய வந்தவர்கள் கருவியை நெஞ்சில் வைக்காமல் தலையில் வைக்கிறார்களே என்பதுதான் அவர்களுக்கு நகைப்பாயிற்று. டேவிட்சன் இதனைப் பின்னர்ப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கருணையை நெஞ்சிலும் தலையிலும் தேடுவதைவிட, கை காலில் தேடுவது நல்லதென்று சிலர் நினைத்தார்கள். 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காண்டன், டிஸ்டெனோ முதலியோர் செய்த சோதனை அவ்வகைப்பட்டது. சிலருக்கு எட்டு வாரம் தியானம் கற்பித்தார்கள். சிலரைப் பிறகு கற்பிப்பதாகச் சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள். முடிவில், நினைவாற்றலைச் சோதிக்க வேண்டுமென்று ஒவ்வொருவரையும் தனித்தனியே வரச் சொன்னார்கள். உண்மையான சோதனை காத்திருக்கும் அறையிலேயே நடந்தது. அங்கே மூன்று நாற்காலிகள். இரண்டில் ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள். வந்தவர் மூன்றாவதில் அமர்வார். சற்று நேரத்தில் ஒரு பெண், ஊன்றுகோல்களை ஊன்றி, வலியால் முகம் சுளித்தபடி உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நிற்பாள். முன்பே அமர்ந்திருக்கும் இருவரும் கைப்பேசியையோ புத்தகத்தையோ பார்த்தபடி அவளைக் காணாதவர்போல் இருப்பார்கள். அவர்களும் அந்தப் பெண்ணும் ஆராய்ச்சியாளர் ஏற்பாடு செய்த நடிகர்கள். வந்தவர் எழுந்து இடம் கொடுக்கிறாரா என்பதே கேள்வி. தில்லி மெட்ரோவில் நாள்தோறும் நடக்கும் நாடகந்தான்!

தியானம் பயிலாதவர்களில் நூற்றுக்கு 16 பேர் எழுந்தார்கள். பயின்றவர்களில் நூற்றுக்கு 50 பேர் எழுந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் அசையாதபோது தாம் மட்டும் எழுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் இந்த வேற்றுமையின் அருமையை உணர்வார்கள்.

மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் மொத்தம் 39 பேரே. 2018இல் கிரெப்லின், ஃபாரியாஸ் முதலியோர் இத்தகைய சோதனைகள் பலவற்றை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது சங்கடமான ஒன்று வெளிப்பட்டது. தியானம் கற்பித்த ஆசிரியரே ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராயிருந்த இடங்களில்தான் கருணை வளர்ந்ததாகத் தெரிந்தது. மற்ற இடங்களில் தெரியவில்லை. சமைத்தவரே சுவை பார்த்துச் சான்றளித்தால் எப்படியிருக்குமோ அப்படி. ஆகவே தியானம் செய்தால் தானாகவே நல்லவராகிவிடலாம் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

எனினும், இதே துறையில் நடந்த மற்றொரு ஆராய்ச்சித் தொடர் என் மனத்தைக் கவர்ந்தது. இரக்கம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அது காட்டுகிறது.

டானியா சிங்கர் என்னும் ஜெர்மானிய அம்மையார் 2004இல் 16 தம்பதியரை வைத்து ஒரு சோதனை செய்தார். மனைவி மூளைப்படக் கருவிக்குள் படுத்திருப்பாள். கணவன் பக்கத்தில் அமர்ந்திருப்பான். ஒருமுறை அவளுடைய கைக்கும், ஒருமுறை அவனுடைய கைக்கும் சுருக்கென்ற மின்வலி கொடுக்கப்படும். யாருக்கு வலி வருகிறது என்பதை ஒரு குறிப்பு முன்னதாகவே காட்டும். தனக்கு வலித்தபோது அவள் மூளையில் எந்தப் பகுதிகள் வலியின் துன்பத்தை உணர்ந்தனவோ, அவற்றிற் சில, கணவனுக்கு வலி என்று அறிந்தவுடனே விழித்தெழுந்தன. கையில் எந்த இடத்தில் வலி என்று உணரும் பகுதி மட்டும் எழவில்லை. குழந்தைக்கு ஊசி போடும்போது தம் கை வலிக்கும் என்று என் தமக்கையார் சொன்னது வெறும் பேச்சன்று.

பிறகு 2007இல் சிங்கர், மத்தியூ ரிக்கார் என்னும் துறவியை நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரில் மூளைப்படக் கருவிக்குள் அமைதியாகப் படுக்கச் செய்தார். ரிக்கார் பிரெஞ்சுக்காரர், பாரிஸில் மரபணு விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றபின் பௌத்தத் துறவியானவர். பிறர் துன்பத்தை அப்படியே உணருமாறு அவரைக் கேட்டுக்கொண்டனர். ருமேனிய நாட்டு அநாதை விடுதியொன்றில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த குழந்தைகளைப் பற்றிய படத்தை அவர் முந்திய இரவு பார்த்திருந்தார். அக்குழந்தைகளை நினைத்து, அவர்களது துன்பத்தை மட்டும், வேறெதுவும் கலவாமல், மீண்டும் மீண்டும் தம்மில் ஏற்றார். ஒரு மணி நேரத்துக்குள் அவருக்குத் தாங்கவில்லை. உள்ளம் வெறுமையாகி ஓய்ந்துபோயிற்று. பல்லாயிரம் மணி நேரம் தியானம் செய்தவருக்கே இந்த நிலை! அதன்பின், தாம் வழக்கமாகச் செய்யும் கருணைத் தியானத்துக்கு மாறலாமா என்று கேட்டு, மாறினார். குழந்தைகள் அதே குழந்தைகள். துன்பமும் அதே துன்பம். ஆனால் இப்போது அவர் உள்ளத்திலிருந்து அவர்களை நோக்கிச் சென்றது அன்பும் அவர்களுடைய நலம் வேண்டும் விருப்பமும். ஓய்ந்துபோன மனம் மீண்டும் வலுப்பெற்றது என்று அவர் எழுதியிருக்கிறார். மூளைப்படமும் முற்றிலும் வேறாயிருந்தது.

ஒரு துறவியின் அனுபவத்தை வைத்து முடிவு கட்டலாகாது. ஆகவே கிளிமெக்கி என்பவர் சிங்கருடன் சேர்ந்து, தியானம் அறியாத சாதாரணப் பெண்களிடம் இதனைச் சோதித்தார். முதலில் பிறர் துயரை உடன் உணரும் பயிற்சி. பிறகு கருணைப் பயிற்சி. துன்பக் காட்சிகளைக் காட்டியபோது, முதற் பயிற்சிக்குப் பின் அவர்களுடைய மனவேதனை மிகுந்தது. இரண்டாம் பயிற்சிக்குப் பின் அவ்வேதனை பழைய நிலைக்கு இறங்கி, அன்புணர்ச்சி ஏறியது. மூளையில் இவ்விரண்டுக்கும் உரிய இடங்களும் வேறு வேறாயிருந்தன. முதலாவதனை உடன்துயர் என்றும், இரண்டாவதனைப் பரிவு என்றும் நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். உடன்துயர் துன்பப்படுபவனோடு நம்மையும் கீழே இழுக்கிறது. பரிவு அவனை நோக்கிக் கை நீட்டச் செய்கிறது.

இந்த வேற்றுமையை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது நான் வியந்தேன். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து 'விசுத்திமக்கம்' என்னும் பாலி நூலை இயற்றிய புத்தகோசரே அவர். காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்முடன் வாழ்ந்த ஒரு பிக்குவைத் தம் உரைநூலொன்றின் முடிவில் அவர் குறிப்பிடுகிறார். ஆதலின் தமிழ் மண்ணில் நடமாடியவர் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு நற்பண்புக்கும் இரண்டு பகைகள் உண்டென்பது அவர் வகுக்கும் கணக்கு. ஒன்று தூரத்துப் பகை. மற்றொன்று அண்டைப் பகை. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. அது வெளிப்படையானது, யாரும் அதனைக் கருணையென்று மயங்கமாட்டார்கள். அண்டைப் பகையோ துக்கம். அது கருணையைப் போலவே வேடமிட்டு, கருணைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்கிறார். அன்பைப் பயிலத் தொடங்குபவன் தனக்கு மிக நெருங்கியவரை வைத்துத் தொடங்கலாகாதாம். ஏனெனில் அவருக்குச் சிறு இடர் நேர்ந்தது என்று நினைத்தாலும் இவனுக்கு அழுகை வந்துவிடும். தியானம் அங்கேயே நின்றுவிடும். பகைவனை வைத்தும் தொடங்கலாகாது. முதலில் தன்னையே வைத்து, பிறகு மதிப்புக்குரிய ஒருவரை, பிறகு நண்பரை, பிறகு வேண்டியவரும் அல்லாத வேண்டாதவரும் அல்லாத ஒருவரை, இறுதியிற் பகைவரை என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒவ்வொருவரையும் மனத்தில் நிறுத்தி, இவர் நலமாயிருக்க வேண்டும், துன்பம் நீங்கியிருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் பயிற்சி. நள்ளிரவில் தாயாரை நினைத்து நாம் ஏன் ஓய்ந்துபோகிறோம் என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. எல்லாவற்றிலும் கடினமான பாடத்தை முதற்பாடமாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஜெர்மனியில் சிங்கர் நடத்திய ஒன்பது மாத ஆராய்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். ஏறத்தாழ 300 பேர் பங்கேற்றார்கள். மூன்று மாதம் கவனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி. மூன்று மாதம் அன்பும் பரிவும். மூன்று மாதம் பிறர் நோக்கிலிருந்து காணுதல். நடுவர் முன்னே நிறுத்திப் பேசச் சொல்லியும், மனக்கணக்குப் போடச் சொல்லியும் அவர்களைப் பதறச் செய்து, பதற்றத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பை அளந்தார்கள். பதற்றம் குறைந்துவிட்டது என்று மூன்று பிரிவினருமே சொன்னார்கள். சுரப்போ வேறு கதை சொல்லிற்று. கவனப் பயிற்சி மட்டும் செய்தவரிடம் அது குறையவில்லை. மற்ற இரு பயிற்சிகளையும் செய்தவரிடம் பாதியளவுக்குக்கூடக் குறைந்தது. அந்த இரு பயிற்சிகளிலும் இருவர் இருவராகப் பேசும் ஒரு முறை இருந்தது. அன்பும் பரிவும் பயின்றபோது, அன்றைய நாளில் தனக்கு நேர்ந்த ஒரு துன்பத்தையும், நன்றியோடு நினைத்த ஒன்றையும் ஒருவர் ஐந்து நிமிடம் சொல்வார். மற்றவர் இடையில் எதுவும் பேசாமல், ஆறுதலும் அறிவுரையும் சொல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். பிறகு முறை மாறும். இதனை அவர்கள் பெரும்பாலும் நேரில் அல்லாமல் தொலைபேசி வாயிலாகவே செய்தார்கள் என்பதை, ஊரை விட்டு வந்திருக்கும் நம் போன்றவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். ஊருக்குப் பேசும்போது, "டாக்டரிடம் போனீர்களா? மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று அடுக்கிக்கொண்டே போகாமல், ஐந்து நிமிடம் அம்மாவைப் பேசவிட்டுக் கேட்டிருந்தோமா என்பதை நினைத்துப் பார்த்தால், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் என் தமக்கையாரிடம் சொன்னேன். புத்தகோசர் சொன்னதே அவருக்குப் பிடித்திருந்தது. "அப்படியானால் பிள்ளைகளை வைத்துத் தொடங்கக்கூடாது" என்றார். மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் சோப்பிட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும் என்பது விதி. அந்த இருபது விநாடியை அவர் எடுத்துக்கொண்டார். முதலில் தம்மை நினைத்தார். பிறகு தமக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த செவிலி ஒருவரை. வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர் தேவைப்பட்டபோது, லிஃப்ட் இயக்குபவரைத் தேர்ந்துகொண்டார்.

தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. பயன் உண்டா என்று சென்ற வாரம் கேட்டேன். "சில நாள் தாய்மாரின் முகத்தைப் பார்க்க முடிகிறது தம்பி, சில நாள் முடியவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, லிஃப்ட்காரரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிவிட்டாள் என்று சொல்லி, அவர் கொடுத்த லட்டுவை என் கையில் வைத்தார். பதினான்கு ஆண்டுகளாக அந்த லிஃப்டில் ஏறி இறங்கியும், அவருக்கு ஒரு மகள் இருப்பது இவ்வாண்டுதான் அக்காவுக்குத் தெரியவந்ததாம்.